உடம்பில் படாத பாடம்

நம் ஆரம்பப் பள்ளிகளில் மனித உடலைச் சொல்லித்தரும் முறையை யாரும் மனம்விட்டுப் பாராட்டி நான் கேட்டதில்லை. கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் கிடைக்கிற கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. ஐந்து வயதில் பள்ளிக்குள் நுழையும் குழந்தை பத்து வயதில் வெளியே வரும்போது இதயம், நுரையீரல், சிறுநீரகம், இரைப்பை என்று எல்லாவற்றையும் பிழையில்லாமல் எழுதுகிறது. படம் வரைந்து பாகம் குறிக்கிறது. அவற்றில் ஒன்றாவது தனக்குள்ளும் இருக்கிறதோ என்ற சந்தேகம் மட்டும் அதற்கு வருவதில்லை. இவ்வளவு பெரிய காரியத்தை ஆரவாரமே இல்லாமல் சாதித்தவர்களுக்கு ஒரு வணக்கமாவது வைக்க வேண்டும்.

முதல் மரியாதை சுவரில் தொங்கும் சார்ட்டுக்கு. மேலும் கீழும் குச்சி வைத்த அந்தப் பளபளப்பான தாளில் நிற்கும் மனிதருக்குத் தோல் கிடையாது, வயது கிடையாது, இடுப்புக்குக் கீழே வழவழவென்று எதுவுமே கிடையாது. அவர் நம்மைப் பார்த்து நிற்பதால் அவருடைய இடப்பக்கம் நமக்கு வலப்பக்கமாகத் தெரியும். இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தினால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடுகிற விஷயம்தான். அப்படி எழுப்பி நிறுத்தி வகுப்பின் ஒழுங்கைக் குலைக்காமல் காப்பாற்றியிருக்கிறார்கள். அதனால் “உன் இதயம் எங்கே இருக்கு, தொட்டுக் காட்டு” என்று கேட்டால் சில கைகள் வலப்பக்கம் போகின்றன, சில கைகள் இடது தோளுக்கே ஏறிவிடுகின்றன. மார்புக்கு நடுவில், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, அவரவர் கைமுட்டி அளவில் இருக்கிற இதயத்தைச் சரியாகத் தொடும் பிள்ளைகள் சிலர்தான். ஆனால் அதில் எத்தனை அறைகள் என்று கேளுங்கள். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் “நா…ன்கு” என்று சொல்லும்.

அந்தச் சார்ட்டின் வண்ணங்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம். பார்த்ததும் பிரித்தறியட்டும் என்று யாரோ செய்த ஏற்பாடு அது. ஆனால் உடம்பில் நீல ரத்தம் ஓடுகிறது என்று ஒரு தலைமுறையே நம்பும்படி அது வேலை செய்திருக்கிறது. காய்ச்சல் வந்து ரத்தப் பரிசோதனைக்குப் போன பிள்ளைகள், முழங்கை மடிப்பில் ஊசி குத்தி எடுத்த ரத்தத்தைத் தங்கள் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். அது சிரையிலிருந்து வந்த ரத்தம்தான், கருஞ்சிவப்பாக இருக்கும். பார்த்துவிட்டு வந்து, மறுவாரம் தேர்வில் நீலக் கலர்பென்சிலை எடுத்து அழுத்தித் தேய்க்கிறார்கள். கண்ணால் கண்டதை விடப் படத்தில் உள்ளதே மெய் என்று ஒரு குழந்தையைப் பழக்குவது சாமானியமான வேலையா?

நாக்கு விஷயத்திலும் இதே வெற்றி. நுனியில் இனிப்பு, பக்கவாட்டில் புளிப்பு, பின்னால் கசப்பு என்று நாக்கைத் தாலுகா பிரித்த வரைபடம் தவறானது. சுவைகளை நாக்கின் எல்லாப் பக்கமும் உணரும். ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கின் ஓரத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளையே அந்த வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிடும். சர்க்கரை மட்டும் வகுப்புக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்; வரைபடம் இன்னும் ஐம்பது வருஷம் வாழும்.

பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் ஆய்வகத்தில் ஓர் எலும்புக்கூடு இருக்கிறது. பூட்டிய கண்ணாடி பீரோவுக்குள் ஒரு கீறல் இல்லாமல், ஔவை கண்ட தொண்டைமானின் படைக்கலங்களைப் போலப் புதுக் கருக்கு மாறாமல் நிற்கிறது. ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் தூசு தட்டுவார்கள்.

எண்ணிக்கையில் நம் முறைக்கு இருக்கும் உறுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தேர்வுத் தாளைப் பார்த்தேன். ‘நமக்கு ____ பற்கள் உள்ளன’ என்ற கேள்விக்கு 22 என்று எழுதியிருந்தாள். “நாக்கால தொட்டுத் தொட்டு எண்ணுனேன்” என்று சொல்லி, வாயைத் திறந்தும் காட்டினாள். கீழ் முன்பற்கள் இரண்டும் விழுந்து அந்த இடம் பொக்கையாக இருந்தது. கடைவாயில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு புதுப் பற்கள் வந்திருந்தன. பால் பற்கள் 20, அதில் விழுந்தவை போக 18, புதிதாக 4. கணக்கு அச்சுப் பிசகாமல் சரி. தாளிலோ சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 32 என்று திருத்தியிருந்தது. பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அவள் வாயில் இருக்கப்போகிற பல்லுக்கு இன்றே மதிப்பெண் ஒதுக்கிவைக்கும் தொலைநோக்கை வேறெந்தப் பாடத்திலும் நான் கண்டதில்லை.

அந்த நான்கு புதுப் பற்களைப் பற்றித்தான் புத்தகமும் பேசவில்லை, வகுப்பும் பேசவில்லை. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பால் பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் முளைக்கிறவை அவை. ஆயுளுக்கும் அவைதான், விழுந்தால் மறுபடி முளைக்காது. ‘பால் பல்தானே, விழுந்து முளைக்கும்’ என்று வீட்டில் விட்டுவிடுவதால் பல பிள்ளைகளுக்கு அந்தப் பல் சின்ன வயதிலேயே சொத்தையாகிப்போகிறது. “எல்லாரும் நாக்கைப் பின்னால கொண்டுபோங்க, புதுசா ஏதாவது தட்டுப்படுதா?” என்று ஒரு நாள் கேட்டிருந்தால், அன்று சாயங்காலமே நாற்பது வீடுகளில் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். பாடத் திட்டத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டு நேரத்தை வீணாக்காத அந்தக் கட்டுப்பாட்டை மெச்சத்தான் வேண்டும்.

1816-ல் பாரிஸில் ரெனே லேனெக் என்ற மருத்துவர், இதயக் கோளாறோடு வந்த ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைக்கத் தயங்கி, தாளைச் சுருட்டிக் குழலாக்கி அதன் வழியே கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது அப்படித்தான். ஒரு பழைய நோட்டின் அட்டை போதும், நம் வகுப்பிலும் அதைச் செய்துவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியின் முதுகில் குழலை வைத்து லப்-டப் கேட்டபின், மைதானத்தை ஒரு சுற்று ஓடிவரச் சொல்லி மறுபடி கேட்டால், தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும் என்று இதயம் வேகம் பிடிப்பது காதிலேயே விழுந்துவிடும். அதற்குப் பிறகு ரத்த ஓட்டத்தை மனப்பாடம் செய்யவைக்கவே தேவையிருக்காது. பைசா செலவில்லாத இந்த வேலை வகுப்பை எவ்வளவு இரைச்சலாக்கும் என்பதை முன்னமே யோசித்துத் தவிர்த்திருக்கிறார்கள். மைதானத்தைச் சுற்றும் வாய்ப்பும் வராதபடி விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்தாகிவிட்டது. இதையெல்லாம் மீறி, பிள்ளைகளின் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி எண்ணக் கற்றுக்கொடுக்கிற ஆசிரியர்கள் அங்கங்கே இருக்கிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழும் 1987 முதல் பிள்ளைகளின் கையில் அறிவியலைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. நான் இங்கே எழுதும் பாராட்டில் அவர்கள் யாருக்கும் பங்கு கிடையாது.

இனி நான் மிகவும் வியக்கிற இடத்துக்கு வருகிறேன். நான்காம் வகுப்பில் கழிவு நீக்கப் பாடம் நடக்கிறது. கரும்பலகையில் அவரைவிதை வடிவில் இரண்டு சிறுநீரகங்கள், அவற்றிலிருந்து இறங்கும் குழாய்கள், கீழே சிறுநீர்ப்பை. உண்மையிலேயே அழகான படம். அந்த ஆசிரியையின் கையில் ஒரு கோடுகூட நடுங்கவில்லை. “சிறுநீர்ப்பைன்னு அஞ்சு தடவ எழுதுங்க” என்கிறார். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் எழுந்து சுண்டுவிரலைக் காட்டுகிறான்.

“டீச்சர், ஒண்ணுக்கு.”

“இப்பத்தானே இன்டர்வெல் விட்டாங்க? அப்பப் போறதுக்கு என்ன? எழுது மொதல்ல.”

அவன் உட்கார்ந்து, தொடைகளை ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு, சிறுநீர்ப்பை, சிறுநீர்ப்பை, சிறுநீர்ப்பை என்று எழுதி முடித்தான். கையெழுத்து கடைசி வரியில் மட்டும் கோணியிருந்தது.

பாடத்தையும் பிள்ளையையும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்துவைக்க அபாரமான பயிற்சி வேண்டும். அந்த வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை முந்நூறு மில்லியைச் சற்றுத் தாண்டிக் கொள்ளும். அது நிறைய நிறைய அதன் சுவர் விரிந்து, அந்தச் செய்தி தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகிறது. அடக்குவதும் மூளைதான். அது அடக்கிக்கொண்டிருக்கும் நேரத்திலும் சிறுநீரகங்கள் வேலையை நிறுத்துவதில்லை. அடிக்கடி அடக்கினால் சிறுநீர்ப் பாதையில் தொற்று வரலாம், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். அந்த நிமிடத்தில் அந்தப் பையனுக்குள் நடந்ததுதான் அன்றைய பாடம் முழுவதும். “இப்ப உனக்கு எங்க முட்டுது? கை வச்சுக் காட்டிட்டு ஓடிப் போயிட்டு வா” என்று அனுப்பியிருந்தால் அவனும் மறந்திருக்க மாட்டான், பார்த்திருந்த முப்பது பேரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பிள்ளைகளும் நல்ல மாணவர்கள், சீக்கிரமே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் பலர் காலையில் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். குடித்தால் போக வேண்டிவரும், போனால் அந்தக் கழிப்பறைக்குள் கால் வைக்க வேண்டும். தண்ணீர் குடிக்க மணியடிக்கும் ஏற்பாட்டைக் கேரளப் பள்ளிகள் 2019-ல் கொண்டுவந்தன. மணியடித்தால் குடிப்பார்கள், ஆனால் கதவில் தாழ்ப்பாளும் உள்ளே தண்ணீரும் இருந்தால்தான் மறுநாளும் குடிப்பார்கள். ‘தினமும் போதிய நீர் அருந்துக’ என்ற வாசகம் மட்டும் வகுப்பறைச் சுவரில், சார்ட்டுக்குப் பக்கத்திலேயே, குண்டு எழுத்தில் எழுதியிருக்கிறது.

அந்தக் கழிப்பறைக்குப் பிள்ளைகள் வெறுங்காலோடு போகிறார்கள். செருப்பு வகுப்பு வாசலில் வரிசையாகக் கிடக்கும். இரண்டு நிமிடத்துக்காக அதைத் தேடி மாட்ட யாருக்குப் பொறுமை இருக்கிறது? இந்த இடத்தில்தான் பிப்ரவரி 10-ம் தேதியைப் பாராட்ட வேண்டும். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று, 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். ஆகஸ்டில் இன்னொரு சுற்று உண்டு. நல்ல திட்டம், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மாத்திரை வந்து இறங்குகிறது, பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், “ஆ காட்டு, மென்னு முழுங்கு” என்று சொல்லி, வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேரே குறித்துக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பள்ளியே முடிந்துவிடும். எதற்கு என்று கேட்டால் “பூச்சி மாத்திரை” என்று ஒரே பதில். எந்தப் பூச்சி, எப்படி உள்ளே வந்தது என்று எந்தப் பிள்ளையும் கேட்டு வரிசையைத் தாமதப்படுத்துவதில்லை.

தாமதப்படுத்தியிருந்தால் என்ன ஒரு கதை கிடைத்திருக்கும்! கொக்கிப்புழு இருக்கிறது. மலத்தோடு வெளியே வரும் அதன் முட்டை ஈர மண்ணில் பொரிகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழுக்குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். பிறகு ரத்தத்தில் கலந்து இதயத்தின் வலப்பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும். நுரையீரலில் காற்றறையை உடைத்துக்கொண்டு மூச்சுக்குழாய் வழியே மேலே ஏறித் தொண்டைக்கு வரும். நாம் எச்சிலோடு விழுங்குகிறோம். உணவுக்குழாய், இரைப்பை, கடைசியில் சிறுகுடல். அங்கே சுவரைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்து, ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். தோல், ரத்த ஓட்டம், இதயம், சுவாசம், செரிமானம் என்று ஐந்து பாடத்தையும் ஒரே புழு நடந்து காட்டிவிடுகிறது. இதை ஒரு தடவை கேட்ட பிள்ளை கழிப்பறைக்குப் போகும்போது செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளும். வீட்டில் தம்பி காலிலும் மாட்டிவிடும். ஆனால் புழு என்றால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள் என்று எண்ணி, அந்தச் சங்கடம் நேராமல் காத்தார்கள். மாத்திரை வயிற்றுப் புழுவைக் கொன்றுவிடும். மண்ணில் மிச்சமிருப்பவை ஆகஸ்ட் வரை காத்திருக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்குச் சத்துக்குறைவு உட்படக் காரணங்கள் பல; இந்தப் புழுவும் அவற்றில் ஒன்று. இப்படிப்பட்ட பிள்ளைகள்தான் சில வருஷம் கழித்து வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்து, ரத்தத்தின் நிறம் சிவப்பு என்று கோடிட்ட இடத்தை நிரப்புவார்கள்.

நம் முறையின் நாகரிகத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பாராட்டு முழுமையாகாது. தலை, தோள், முழங்கால், கால்விரல் என்று பாட்டுப் பாடி ஆடவைக்கும்போது கை தோளிலிருந்து நேராக முழங்காலுக்குத் தாவிவிடும். நடுவில் இருப்பதற்கு வீட்டில் ‘ஷேம் ஷேம்’ என்று பெயர். பள்ளியில் பெயரே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் வீடும் பள்ளியும் காட்டுகிற ஒற்றுமையை வேறெதிலும் பார்க்க முடியாது.

2012 நவம்பர் 14-ம் தேதி, குழந்தைகள் தினத்தன்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதை எழுதியவர்கள் குழந்தையின் பக்கம் நின்று யோசித்திருக்கிறார்கள். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். இயன்றவரை சப்-இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும். அவர் சீருடையில் இருக்கக் கூடாது. பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும். குழந்தை சொன்னபடியே பதிய வேண்டும். இவ்வளவும் ஏற்பாடு செய்து முடித்து, அந்த அதிகாரி குனிந்து “என்னம்மா நடந்துச்சு, சொல்லு” என்று கேட்கும்போது, அந்தக் குழந்தையிடம் சொல்வதற்குச் சொல் இருக்காது. அந்த இடத்தின் பெயரைச் சொன்னால் அம்மா வாயிலேயே அடிப்பாள் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கும். குழந்தையின் நாவை மாசுபடாமல் காத்த பெருமை நமக்கு. அந்த மௌனத்தின் பலன் முழுவதும் குற்றம் செய்தவனுக்கு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பள்ளிச் சுவரில் எழுதிவைத்தவர்கள், அந்த எண்ணில் என்ன சொல்வது என்று கற்றுக்கொடுப்பதை நாகரிகம் கருதித்தான் விட்டிருக்க வேண்டும்.

மாதவிடாய்க்கு வருவோம். ‘வளரிளம் பருவமடைதல்’ என்ற பாடம் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. அப்போது பிள்ளைகளுக்குப் பதின்மூன்று வயது ஆகியிருக்கும். நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே வயதுக்கு வந்துவிடுகிற பெண்கள் இருக்கிறார்கள் என்பதற்காகப் பாடத்தை அவசரப்படுத்தவில்லை. எட்டாம் வகுப்பிலும் அந்தப் பக்கங்கள் வரும்போது, “இதை வீட்ல படிச்சுக்கோங்க, பரீட்சைக்கு வராது” என்று சொல்லி அடுத்த பாடத்துக்குத் தாண்டிவிடும் பக்குவம் பல ஆசிரியர்களுக்கு இருக்கிறது. மாநிலத்தின் மேல் குறை சொல்ல முடியாது. மலிவு விலை நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கிய அருணாசலம் முருகானந்தம் கோயம்புத்தூர்க்காரர்தான். வளரிளம் பெண்களுக்கு நாப்கினை இலவசமாகத் தரும் ‘புதுயுகம்’ திட்டமும் இங்கே நடந்துகொண்டிருக்கிறது.

வீட்டில் செய்வது இன்னும் விமரிசை. மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பத்திரிகை அடிக்கிறோம். மண்டப வாசலில் அவள் படத்தோடு ஃபிளக்ஸ் கட்டுகிறோம். தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளை ஊர்வலமாகக் கொண்டுவருகிறார், மைக்கில் மொய் வாசிக்கிறார்கள், வீடியோ எடுக்கிறார்கள். அந்தப் பெண்ணின் உடம்பில் நடந்ததை ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிவிடுகிறோம். அவளிடம் மட்டும் சொல்வதில்லை. அந்த முதல் நாள் பள்ளிக் கழிப்பறையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, தனக்கு ஏதோ பெரிய வியாதி, சாகப்போகிறோம் என்று நினைத்து, பாவாடையின் பின்பக்கத்தைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, சாயங்கால மணி அடிக்கும் வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, ஐந்தாம் வகுப்பில் மனித உடல் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவளாகவும் இருக்கலாம். கருப்பையின் உள்சுவர் மாதம் ஒரு முறை தடித்துத் தயாராகும், தேவைப்படாதபோது ரத்தத்தோடு கழன்று வெளியேறும், அது நோய் இல்லை, அழுக்கும் இல்லை: இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும். பையன்களுக்கும் சேர்த்தே சொல்லலாம். சொன்னால் அடுத்த பெஞ்சுப் பெண்ணின் பாவாடைக் கறையைப் பார்த்து அவர்கள் சிரிக்காமலாவது இருப்பார்கள்.

“இதெல்லாம் வீட்ல அம்மா சொல்லித்தர வேண்டிய விஷயம்” என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பெற்றோரின் உரிமைக்கு இவ்வளவு மரியாதை கொடுப்பவர்களை நான் எப்படிக் குறைசொல்ல முடியும்? ஆனால் அந்த அம்மாவும் இதே பள்ளியில் படித்தவர்தான். அதே சார்ட்டின் முன்னால் உட்கார்ந்து, இதயத்துக்கு நான்கு அறை என்று ராகம் போட்டுச் சொல்லி, அந்தப் பக்கங்களை வீட்டில் படித்துக்கொள்ளும்படி அனுப்பப்பட்டவர். அவருக்குச் சொல்லவும் வீட்டில் யாரும் இருக்கவில்லை.